பாய்லருக்குப் போட்ட மாலை

நாங்கள் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்த எந்தப் பாய்லர் அறைக்குள் போய்ப் பார்த்தாலும், கதவுக்கு எதிர்ச் சுவரில் கை எட்டுகிற உயரத்தில் ஒரு இரும்புக் கொக்கி பதித்திருக்கும். “இது எதுக்கும்மா?” என்று கேட்காத முதலாளி கிடையாது. “மாலை போட” என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். “ஆயுத பூசைக்கு மாலை போடணும்னா இந்தக் கொக்கியில போடுங்க. மெஷின் மேல ஒரு இதழு கெடந்தாலும் நான் வந்து பிச்சு எறிஞ்சிருவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். இதையே நல்லவிதமாகச் சொல்லக் கூடாதா என்று என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் கேட்பார். சொல்லத் தெரியாது. கோபத்தோடுதான் பிறந்தேன், என்ன செய்ய?

என் பெயர் மரியசெல்வி. திண்டுக்கல் நாகல் நகரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் அருள்நாதன் பைப் ஃபிட்டர். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவள். கன்ட்ரோல் பேனல் போடுவது என் வேலை. பாய்லருக்குத் தண்ணீர் எந்த வழியாக வர வேண்டும் என்பது அவர் பொறுப்பு. எப்போது வர வேண்டும், எப்போது வரவே கூடாது என்பது என் பொறுப்பு. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை நான் பல் விளக்கி முடிப்பதற்குள் பேசிவிடுவேன்.

இரண்டு பேரும் ஒரு பெரிய கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூற்றொன்பதாம் வருடம்தான் தனியாக வந்தோம். தனியாகக் கிடைத்த முதல் வேலை சின்னாளப்பட்டியில் பொன்னுத்துரையின் சாயப்பட்டறை. சுங்குடிச் சேலைத் துணிக்குச் சாயம் ஏற்றுகிற இடம். அதுவரை அண்டாவுக்கு அடியில் விறகு வைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர், தீபாவளிக்கு ஆர்டர் குவிந்ததும் ஒரு விறகுப் பாய்லரை வாங்கி இறக்கிவிட்டார். பாய்லரிலிருந்து நீராவி குழாய் வழியாகப் போய்ச் சாயத் தொட்டிகளைச் சூடாக்க வேண்டும். குழாய், பம்ப், கன்ட்ரோல் எல்லாம் எங்கள் தலையில்.

“பேனல யாரு போடுவா?” என்று பொன்னுத்துரை கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டினார்.

“இந்தப் பிள்ளையா?”

“ஏன், மீசை இருந்தாத்தான் பேனலு வேலை செய்யுமா?” என்றேன்.

என் வீட்டுக்காரர் ஏதோ ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி வெளியே நழுவிவிட்டார். பொன்னுத்துரை வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன்தான். அவசரக்காரர். எதையும் இப்போதே, இந்த நிமிஷமே என்று நிற்கிறவர்.

அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அப்படியே விட்டால் பாய்லருக்குள் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதனால் உப்பை எடுக்கிற தொட்டி ஒன்று வைத்து, அதிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றி, மேல்தொட்டியிலிருந்து பம்புக்கு இறக்கி, பம்பிலிருந்து பாய்லருக்குக் கொண்டுபோனோம். பாய்லர் தண்ணீரைத் திருப்பித் தள்ளிவிடாமல் இருக்க நடுவில் ஒரு வால்வு, போன தண்ணீர் திரும்பி வராது. அருள்நாதன் ஒவ்வொரு குழாய்க்கும் மரை வெட்டி, சணல் சுற்றி, இறுக்கினார். அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஒரு சொட்டுக் கசியவில்லை. நான் வாய் திறந்து பாராட்டவெல்லாம் இல்லை. மத்தியானம் என் டிபனில் இருந்த முட்டையை எடுத்து அவர் சோற்றில் வைத்தேன். அவருக்குப் புரிந்தது.

இனி என் பங்கு. பாய்லரை ஒட்டி ஒரு சின்ன இரும்பு டப்பா இருக்கும். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, இந்த டப்பாவிலும் அதே மட்டம். உள்ளே ஒரு பந்து மிதக்கும். அந்தப் பந்தோடு சேர்ந்த கம்பி டப்பாவுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் குறைந்து பந்து இறங்கினால் வெளியே கம்பி ஏறும்; தண்ணீர் நிரம்பிப் பந்து ஏறினால் கம்பி இறங்கும். கம்பி கொஞ்சம் ஏறினால் பம்ப் தானாக ஓடும், தண்ணீர் வந்ததும் நிற்கும். அப்படியும் ஏதோ கோளாறாகி, தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்க் கம்பி உச்சிக்கு ஏறிவிட்டால் மணி அடிக்கும். நெருப்புக்குக் காற்று ஊதுகிற மோட்டார் நிற்கும். பம்பும் நின்றுவிடும். பிறகு பம்பை ஓட்ட வேண்டுமானால் பேனலில் இருக்கிற கை சுவிட்சை ஒரு ஆள் வந்து போட்டால்தான் உண்டு.

தண்ணீர் இல்லாதபோது பம்ப் ஏன் நிற்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். தோசைக்கல்லைச் சிவக்கக் காயவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று மொத்தமும் ஆவியாகிவிடும். திறந்த கல் என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பாய்லர் மூடிக் கிடக்கிற இரும்பு. வறண்டு காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீரை விட்டால் அவ்வளவு ஆவியும் ஒரே மூச்சில் கிளம்பிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். கூரை மட்டுமா போகும்?

பாய்லருக்கு விறகு போட அகரத்திலிருந்து கண்ணுசாமி வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். ஊரில் கொஞ்சம் செவ்வந்தித் தோட்டம். அவர் சம்சாரம் ஜக்கம்மாள் அதைப் பார்த்துக்கொள்ள, இவர் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். வந்த முதல் நாளே பாய்லரைக் கும்பிட்டு, “எங்க ஆத்தா” என்றார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி அவருக்குக் கை.

“அந்தா பாரு தாயி, ஆத்தா கையத் தூக்குறா. தண்ணி கேக்குறா.”

“அது கையில்லண்ணே, ஃப்ளோட்டு கம்பி.”

“இருந்துட்டுப் போகட்டும். கேக்குறாளா இல்லையா?”

கேட்கத்தான் செய்தது. நான் என்ன சொல்ல? ஆனால் மணி விஷயத்தில் நான் விடவில்லை. அவரைப் பேனல் முன்னால் நிறுத்தி வைத்து, தொண்டை கிழியக் கத்தினேன். “மணி அடிச்சா இந்தக் கை சுவிட்சத் தொடப்படாது. ஆரு சொன்னாலும் தொடப்படாது. தொட்டீங்க, உங்க பொண்டாட்டி தாலியும் போகும், என் தாலியும் போகும். தீய வெளிய இழுக்கணும். அம்புட்டுத்தான்.”

“ஏன் தாயி இம்புட்டுக் கத்துற? காது நல்லாத்தான் கேக்குது” என்றார். மறுநாளிலிருந்து அவர் என்னைக் கண்டதும் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, “மணி அடிச்சா தொடப்படாது, தீய இழுக்கணும். சரியா தாயி?” என்று ஆரம்பித்துவிட்டார். கிண்டல்தான். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஆயுத பூசை வந்தது. பட்டறைக்கு லீவு. நாங்கள் போகவில்லை. அங்கே நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜக்கம்மாள் தோட்டத்துச் செவ்வந்தியைப் பறித்து, தன் கையாலேயே ஒரு மாலை கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறாள். சாதாரண மாலை இல்லை. தேர்ச் சாமிக்குப் போடுகிற கனம். கண்ணுசாமி அதை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். எங்கே போடுவது? பாய்லர் வழவழவென்று உருண்டையாக நிற்கிறது. நீட்டிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. ஆத்தாளின் கை. அதில் போட்டுவிட்டார்.

கம்பி எதனால் ஏற வேண்டும்? உள்ளே பந்து இறங்குகிற கனத்தால். வெளியே அதைவிடக் கனமாக ஒரு மாலை தொங்கினால் எங்கே ஏறும்? உள்ளே தண்ணீர் சுத்தமாக வற்றினாலும் கம்பி குனிந்தே கிடக்கும். பம்ப் ஓடாது, மணி அடிக்காது. பேனலைப் பொறுத்தவரை தண்ணீர் தளும்பத் தளும்ப நிற்கிறது.

அது போதாதென்று, தண்ணீர் மட்டத்தைக் கண்ணால் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. பொன்னுத்துரை பூசையைத் தன் கையாலேயே செய்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கண்ணாடிக் குழாயையும் விடவில்லை. அதன் கீழ்ப்பாதியில் பட்டையாகச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. பக்தியிலே குறை சொல்ல முடியாது. ஆத்தாளின் கையைக் கட்டியாயிற்று, கண்ணையும் மூடியாயிற்று.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் தொட்டது துலங்கட்டும் என்று பொன்னுத்துரை எல்லாச் சாயத் தொட்டிகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டார். கண்ணுசாமி காலையில் கண்ணாடியின் மேல்பாதியைப் பார்த்தார். தண்ணீர் நிறைய இருந்தது. குறைந்தால் ஆத்தா கையைத் தூக்குவாள் என்ற நம்பிக்கையில் தீ மூட்டினார். பூசை மாலை தானாக வாடுகிறவரை எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அது அங்கேயே கிடந்தது.

நாங்கள் போனபோது வேலை மும்முரம். நீராவிக் குழாயில் சூடு வீணாகாமல் இருக்கக் கயிறு சுற்றுகிற வேலை பாக்கி இருந்தது. என் வீட்டுக்காரர் பாய்லருக்குப் பின்னால் ஏணியைப் போட்டு மேலே ஏறிவிட்டார். எனக்கு ஒரு சில்லறை வேலைதான். பேனலில் பம்ப் ஓடுவதைக் காட்டுகிற பச்சை விளக்கு அணைந்து போயிருந்தது. புது பல்பு போட்டேன். இனி பம்ப் ஓடும்போது எரிகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

நின்றேன். எரியவில்லை. பல்பு கடைக்காரனைத் திட்டினேன். கழற்றி வேறொன்று மாட்டினேன். அப்போதும் எரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இத்தனை தொட்டி நீராவி குடிக்கிறது, நான் வந்து இவ்வளவு நேரம் ஆயிற்று, பம்ப் ஒரு தடவைகூட ஓடவில்லையே? பல்பு நன்றாகத்தான் இருக்கிறது. பம்புதான் ஓடவில்லை.

பாய்லர் பக்கம் ஓடினேன். கண்ணாடியைப் பார்த்தால் சந்தனம். கட்டை விரலால் அழுத்தித் துடைத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் கண்ணாடி. திரும்பினால் கம்பியில் அந்த மாலை. இரண்டு கையாலும் மாலையைப் பிடித்து இழுத்துத் தூர எறிந்தேன். கம்பி விருட்டென்று உச்சிக்குப் போய் இடித்தது. மணி அடிக்க ஆரம்பித்தது. ஊதல் மோட்டார் நின்றது.

மேலே, அந்தப் பாய்லரைத் தொடுகிற தூரத்தில், ஏணியில் என் புருஷன்.

“இறங்குங்க! ஐயோ, இறங்குங்க!” என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என்னவென்று கேட்கிறமாதிரி குனிந்து பார்க்கிறார்.

அந்த நேரம் பொன்னுத்துரை வாசல் வழியாக ஓடி வந்தார். பேனல் வாசலை ஒட்டி இருக்கிறது. நான் பாய்லருக்கு இந்தப் பக்கம். “ஏலே, மணி அடிக்குதுல்ல! தண்ணி இல்லடா! மோட்டாரப் போடு!” என்று கத்திக்கொண்டே கையை சுவிட்சுக்குக் கொண்டுபோனார்.

கண்ணுசாமி விறகுக்கட்டைக் கீழே போட்டார். ஒரே எட்டில் போய்ப் பேனலுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றார்.

“வேணாம் மொதலாளி. தொடப்படாது.”

“தள்ளுடா!”

“தொடப்படாது மொதலாளி.”

பளாரென்று ஒரு அறை. அத்தனை மணிச் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. அவர் நகரவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டார். “அடிங்க மொதலாளி. எம்புட்டு வேணாலும் அடிங்க. இதத் தொடாதீங்க.”

அவர் முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. கெஞ்சினார். பொன்னுத்துரையின் ஓங்கிய கை அப்படியே நின்றது. அதற்குள் நான் போய்ச் சேர்ந்து மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன். மணி நின்றது.

“தாயி, தொட்டிப் பக்கம் இருக்குற பொம்பளைங்களக் கூட்டிட்டு ரோட்டுக்குப் போ! மொதலாளி, நீங்களும் போங்க!” என்று சொல்லிவிட்டுக் கண்ணுசாமி அடுப்புக் கதவைத் திறந்தார். நெருப்பு வாருகிற நீளக் கம்பியை உள்ளே விட்டு எரிகிற விறகை வெளியே இழுக்க ஆரம்பித்தார். கைக்குச் சுற்ற ஈரச் சாக்கு எடுக்கக்கூட நிற்கவில்லை. ஏணியிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர் நேரே என்னிடம்தான் வருவார் என்று நினைத்தேன். அவர் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கண்ணுசாமி பக்கத்தில் போய் நின்றார்.

பெண்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அங்கே நின்ற நேரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. எவ்வளவு பேசுகிறவள் நான்! கல்யாணமாகி அத்தனை வருஷம் அந்த மனுஷனோடு போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் திரும்பி வந்தால் இன்னும் அவ்வளவு சண்டை போட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

வந்தார். முகமெல்லாம் கரி. “தீ முச்சூடும் வெளிய வந்துருச்சு செல்வி. இனிமே தானா ஆறிரும்” என்றார், குழம்பை இறக்கி வைத்துவிட்டேன் என்கிற மாதிரி. நான் அவர் நெஞ்சிலேயே இரண்டு குத்து விட்டேன். “எங்கிட்ட வரணும்னு தோணுச்சா உங்களுக்கு? மணல் வாளியாம், மணல் வாளி!” அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

கண்ணுசாமி பின்னால் வந்தார். உள்ளங்கை இரண்டும் வெந்து, தோல் சுருண்டு தொங்கியது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் கையைத் திருப்பி இடுப்போடு ஒட்டி வைத்திருந்தார்.

பயம் தெளிந்ததும் பொன்னுத்துரைக்குக் கோபம் வந்தது. வந்தது எங்கள் மேல். “என்னய்யா கன்ட்ரோலு போட்டீங்க? தண்ணி இம்புட்டுக் கொறையுற வரைக்கும் மோட்டாரு ஏன் ஓடல? மணி ஏன் அடிக்கல? ஏமா, வாய் மட்டும் கிழியுதே, இப்பச் சொல்லு! சின்னாளப்பட்டியில ஒருத்தன் உங்களக் கூப்புட மாட்டான், பாத்துக்க!”

தனியாக எடுத்த முதல் வேலை. அந்த ஊரில் ஒரு பட்டறையில் சொன்னால் மறுநாள் எல்லாப் பட்டறைக்கும் தெரியும். மாலை என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் பெயர் தப்பிக்கும். வாயைத் திறந்தேன். கண்ணுசாமியின் கை கண்ணில் பட்டது. சொன்னால் இவர் வேலை போகும். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிறவள், வாயைத் திறந்தபடியே நின்றேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மாலை விஷயம் அவருக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்து, ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு அவரும் பேசாமல் நின்றார். அது அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்தது.

“அந்தப் பிள்ளையத் திட்டாதீங்க மொதலாளி” என்றார் கண்ணுசாமி. “நான்தான் ஆத்தா கையில மாலையப் போட்டேன். அது கை தூக்க முடியாமக் கெடந்துருக்கு. செல்வி தாயி அத எடுத்தப்புறந்தான் மணியே அடிச்சுச்சு.”

பொன்னுத்துரைக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் குதித்தார். “அறிவு கெட்டவனே! என் பட்டறையவே கொளுத்தப் பாத்தியேடா! போ. இந்தப் பக்கம் இனி உன் தலையப் பாக்கப்படாது!”

கண்ணுசாமி தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். வெந்த கையோடு!

எனக்கு வந்ததே பாருங்கள் ஒரு ஆத்திரம். “நில்லுங்கண்ணே!” என்று அவரை நிறுத்தினேன். “ஏங்க, மாலை போட்டது இவரு. கண்ணாடியில சந்தனம் அப்பினது ஆரு? கண்ணாடி தெரிஞ்சிருந்தா இவரே தண்ணி கொறையுறதப் பாத்திருப்பாருல்ல? அது எந்த வேலைக்காரன் வச்ச பொட்டு?” என்று கட்டை விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். விரலில் சந்தனமும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொன்னுத்துரை அந்த விரலையே பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பு, நான் அந்த சுவிட்சப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

அருள்நாதன் நாலு வார்த்தை பேச யோசிக்கிறவர். அன்று யோசிக்கவில்லை. “நீங்க இருந்திருக்க மாட்டீங்கய்யா. நான் இல்ல, செல்வி இல்ல. சுவத்துக்கு அந்தாண்ட சாயம் முக்கிக்கிட்டிருந்த பொம்பளைங்க ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டாங்க. கண்ணுசாமியண்ணே அடி வாங்கிட்டு நின்னாரே, அதனாலதான் இப்ப நின்னு பேசிக்கிட்டிருக்கோம்.”

பொன்னுத்துரை அப்படியே ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தொட்டிப் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருடைய சொந்த அக்கா மகளும் அதில் இருந்தாள். பிறகு எழுந்து போய்த் தன் வேனை எடுத்து வந்து, கண்ணுசாமி பக்கத்தில் நிறுத்தி, இறங்கி அவரே கதவைத் திறந்துவிட்டார். “ஏறு” என்றார். நானும் கூட ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணுசாமியின் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்கள். பொன்னுத்துரை வெளியே போய் டீ வாங்கி வந்தார். எனக்கு ஒன்று கொடுத்து, தனக்கு ஒன்றை வைத்துவிட்டு, மூன்றாவது கிளாசைக் கண்ணுசாமியிடம் நீட்டினார். கண்ணுசாமி தன் கையைப் பார்த்தார். நான் வாங்கப் போனேன். பொன்னுத்துரை கொடுக்கவில்லை. அவரே ஊதி ஊதி ஆற்றி, கண்ணுசாமியின் வாயில் வைத்தார்.

“வேணாம் மொதலாளி, செல்வி தாயி குடுக்கட்டும்.”

“குடிய்யா.” இன்னொரு வாய் கொடுத்தார். “கை ஆறட்டும். அதுவரைக்கும் சம்பளத்த வீட்டுக்கு அனுப்பிச்சிருவேன். பாய்லர உன்னத் தவிர ஒருத்தன் தொடப்படாது. அந்தக் கன்னம் வலிக்குதா?”

“கை வலியில அது தெரியல மொதலாளி” என்றார் கண்ணுசாமி. மூன்று பேருமே சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் பொன்னுத்துரை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாய்லர் ஆறியதும் என் வீட்டுக்காரர் உள்ளே புகுந்து பார்த்தார். தகடு தாங்கிவிட்டது. கைப் பம்பால் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டு மறுபடியும் ஓட்டினோம். சுவரில் கொக்கி வைத்தது அப்போதுதான்.

கண்ணுசாமிக்கு நான் நன்றி சொல்லவில்லை. பல தடவை வாய் வரை வந்தது. திட்டு என்றால் அருவியாகக் கொட்டும். நன்றி என்று வரும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எங்கள் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டு, அகரம் போய் அவரையும் ஜக்கம்மாளையும் கூப்பிட்டேன். “எங்க சாமிகிட்ட உங்க பேரச் சொல்லி நன்றி சொல்லப் போறோம்ணே. நீங்க வரணும்” என்றேன். “எம் பேரா? கோயில்லயா?” என்று ஜக்கம்மாளைப் பார்த்தார். அவள், “போவோம், கூப்புடுறாகல்ல” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அவர் வெளுத்த வேட்டி சட்டையில், கைக்கட்டோடு, ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். ஜக்கம்மாள் என் பக்கத்தில். சுற்றிலும் எங்கள் சனம். கோயில் நிறையக் கூட்டம். சாமியார் பீடத்துக்கு வந்து, சிலுவை அடையாளம் போட்டு, அன்றைய பூசை யாருக்காக என்று தாளைப் பார்த்து வாசித்தார்.

“அகரம் கண்ணுசாமி…”

கண்ணுசாமி விருட்டென்று எழுந்து நின்றார். “இருக்கேன் சாமி!” என்றார், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. சாமியார் தாளிலிருந்து நிமிர்ந்து, கட்டுப் போட்ட கையோடு நிற்கிற மனுஷனைப் பார்த்துப் புன்னகை செய்தார். “நல்லா இருங்கய்யா. உக்காருங்க” என்றார். என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்து உட்கார வைத்தார். ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஜக்கம்மாள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். “என்ன தாயி? அந்த மனுசன் தப்பா எதுவும் சொல்லிட்டாரா?”

“இல்லக்கா” என்றேன். “சரியாத்தான் சொன்னாரு.”